யாரும் தொடாத எஞ்ஜின்

எங்கள் குடும்பத்தில், வேலையை விட்டுப் போகிறேன் என்று தானே சொல்லிவிட்டு விலகும் முதல் ஆள் நான்தான். எனக்கு முந்தியவர்கள் எல்லோரும் முதுகு வளைய மறுக்கும்வரை மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தார்கள். பிறகு தோட்டத்துப் பதிவேட்டிலிருந்து அவர்களுடைய பேரை வெட்டினார்கள். நான் ஹட்டன் பஜாரில் ஒரு மோட்டர் வைண்டிங் கடையில் பத்து வருடத்துக்குக் கிட்ட வேலை செய்துவிட்டு, அடுத்த மாதம் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போதனாசிரியையாகப் போகிறேன். நான் படித்ததும் அதே கல்லூரியில்தான். இதைச் சொல்லும்போது பெருமையாக இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

இந்த மாதிரிக் கட்டுரையை நரைத்த தலையோடு எழுத வேண்டும் என்று எனக்கும் தெரியும். கடையில் இப்போது இருக்கும் இரண்டு தங்கச்சிமார்தான் என்னை உட்கார வைத்தார்கள். அவர்களிடம் த்ரீடி பிரிண்டர் இருக்கிறது. உடைந்த பல்சக்கரத்தை அளந்து கணினியில் வரைகிறார்கள். தேநீர் குடித்து முடிப்பதற்குள் புதிய சக்கரம் பாதி வளர்ந்திருக்கிறது. போன வாரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம் அவர்களில் ஒருத்தி கேட்டாள்:

"அக்கா, இது இல்லாத காலத்துல பார்ட்டெல்லாம் எங்க போய்த் தேடுனீங்க? எழுதி வச்சிட்டுப் போங்களேன். பெறகு போன்ல கேட்டா நீங்க திட்டுவீங்க."

திட்டுவேன்தான். அதனால் எழுதுகிறேன்.

கடைக்கு வருவதில் பெரும்பகுதி தண்ணீர் பம்பும், மிக்சியும், தேயிலைத் தொழிற்சாலையின் காற்றாடி மோட்டரும்தான். இடையில் எப்போதாவது ஒரு விளையாட்டுக் கோச்சி வரும். ரயிலை இங்கே கோச்சி என்றுதான் சொல்வோம். அந்தக் காலத்துத் தொரைமார், அதாவது வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள், தங்கள் பிள்ளைகளுக்காகக் கப்பலில் வரவழைத்த மின்சாரக் கோச்சிகள், அவர்கள் ஊருக்குப் போன பிறகு பங்களா அலுமாரிகளில் தங்கிவிட்டன. சில பங்களாக்கள் ஹோட்டல்களாக மாறியபோது அவற்றைத் தூசு தட்டி மேசையில் வைத்தார்கள். ஓடினால் விருந்தாளிகள் கூடி நின்று படம் எடுப்பார்கள். ஓடாவிட்டால் எங்களிடம் வரும். அவற்றைச் செய்த கம்பனிகள் எப்போதோ கதவை மூடிவிட்டன. அந்த மோட்டருக்குப் பார்ட் விற்கும் கடை என்று ஒன்று உலகத்தில் கிடையாது. தேடித்தான் எடுக்க வேண்டும்.

படித்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். நோர்வூட்டுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில் பிறந்தேன். அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததே என்னைச் சேர்ப்பதற்காகத்தான். உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு மோட்டர் வைண்டிங் படித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். செம்புக் கம்பி சுற்றுவதற்குப் பெண்களின் மெல்லிய விரல் நல்லது என்று போதனாசிரியர் எல்லோர் முன்னாலும் சொன்னார். என் விரல்கள் மெல்லியவை அல்ல, ஆனாலும் வகுப்பில் முதலாவதாக வந்தேன். அவ்வளவுதான்.

கடைக்கு வந்த முதல் நாளே சரோஜா மிஸ்ஸைப் பார்த்துப் பயந்தேன். அவர் கடை முதலாளியின் மருமகள். மாமனார் படுக்கையில் விழுந்ததும் வங்கி வேலையை விட்டுவிட்டுக் கடையை எடுத்துக்கொண்டவர். ஒரு மோட்டரைக் கூடத் தன் கையால் சுற்றியதில்லை, சுற்றத் தெரியும் என்று காட்டிக்கொண்டதும் இல்லை. ஆனால் கடையிலிருந்து வெளியே போகும் எந்த மோட்டரும் அவருடைய ஒரு கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"மோட்டர் எரிஞ்சிருச்சு மிஸ்."

"எப்பிடித் தெரியும்?"

"கருகின வாசம் வருது."

"வாசம் இதுல வருதா, பக்கத்துல உள்ளதுல வருதா?"

போய் முகர்ந்து பார்த்தால் சில நாட்களில் பக்கத்தில் உள்ளதில்தான் வரும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பேசும்போது நம் முகத்தைக்கூட அதிகம் பார்க்க மாட்டார். மேசையில் கிடக்கும் மோட்டரைப் பார்த்துத்தான் பேசுவார், டாக்டர் நோயாளியைப் பார்த்துப் பேசுவது போல. நாங்கள் நோயாளியோடு கூட வந்தவர்கள். உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு, அதை நக்கி நக்கிப் பால் இல்லாத பிளேன்டீ குடிப்பார். கையில் சீனி இருக்கும்வரை யாரும் அவரிடம் எதுவும் கேட்கக்கூடாது. கேட்டால் அந்தப் பழைய கேள்வியே திரும்பி வரும்.

இப்போது வேலை முறை. தங்கச்சிமாரே, இதைக் கவனித்துப் படியுங்கள்.

கோச்சி எஞ்ஜின் வந்தால் முதலில் கரண்ட் கொடுக்காதீர்கள். சக்கரத்தை ஒரு விரலால் உருட்டிப் பாருங்கள். உருண்டால் நோய் மின்சாரத்தில், உருளாவிட்டால் உடம்பில். பிறகு கவிழ்த்து வைத்து விளக்கடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பிறகுதான் திருகாணி. காந்தம் உள்ள மோட்டராக இருந்தால், சுழலும் சுருளை வெளியே இழுப்பதற்கு முன்னால் காந்தத்தின் இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு இரும்புத் துண்டை வையுங்கள். வெறுமனே இழுத்தால் அந்தக் காலத்துக் காந்தம் பலம் குறைந்துவிடும். பிறகு புதுச் சுருள் போட்டாலும் எஞ்ஜின் நடக்கும், ஓடாது.

மோட்டருக்குள் கரண்டைக் கொண்டுபோகும் கார்பன் துண்டுதான் அதிகம் தேயும். மிக்சியின் கார்பனை எடுத்து அரத்தால் சின்னதாக்கி, கடைசியில் உப்புத்தாளில் தேய்த்துப் பதம் பார்ப்பேன். அதைத் தள்ளிப் பிடிக்கும் ஸ்பிரிங்குக்குப் பேனா ஸ்பிரிங் போடலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். போடக்கூடாது. அது அழுத்தம் கூடியது. கார்பன் உரசும் செம்பைத் தின்றுவிடும்.

தேடும்போது உடைந்த பார்ட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும், எதற்கு என்று சொல்லக்கூடாது. இது மிஸ் போட்ட சட்டம். விளையாட்டுக் கோச்சிக்கு என்றால் சிரிப்பார்கள். பழங்காலச் சாமானுக்கு என்றால் விலையை ஏற்றுவார்கள். கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு கடைக்காரர் நான் நீட்டிய கார்பனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முடி காயவைக்கும் மெசினுக்கா என்று சிங்களத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். என் முடியையும் பார்த்துவிட்டு, சரி, தேவைதான் என்று சொல்லி ஒரு டப்பாவையே எடுத்து வைத்தார்.

புறக்கோட்டையில் கிடைக்காதது பங்களாக்களில் கிடைக்கும். ஆனால் அங்கே தொரையிடம் போய்க் கேட்டுப் பயனில்லை. பங்களாச் சமையல்காரரை அப்பு என்போம். அவரிடம்தான் கேட்க வேண்டும். தொரைமார் வருவார்கள், மாறிப் போவார்கள். ஸ்டோர் அறையில் எந்தப் பெட்டிக்குப் பின்னால் எது கிடக்கிறது என்பது அப்புவுக்குத்தான் தெரியும். எந்தப் பங்களாவில் எந்த அப்பு என்பது எனக்குத் தெரியும். லயத்தில் பிறந்தவளுக்கு அதற்குப் படிப்பு வேண்டாம்.

சொல்ல வேண்டிய பெரிய விஷயம் நுவரெலியா எஞ்ஜின். அதற்கு வருகிறேன்.

நுவரெலியாவில் பங்களாவாக இருந்து ஹோட்டலாக மாறிய ஒரு இடம். அதன் முன் மண்டபத்தில் பெரிய மேசை. அதில் பச்சை எஞ்ஜின் ஒன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு சுற்றி வரும். அதற்குக் கார்பன் மாற்றியது நான்தான். ஆயுத பூசை முடிந்த இரண்டாம் நாள் அங்கிருந்து மெனேஜர் அழைத்தார். எஞ்ஜின் நின்றுவிட்டது, உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது, உடனே வாருங்கள் என்றார். வழக்கமாக என்னை மட்டும் அனுப்பும் சரோஜா மிஸ் அன்று தானும் குடையை எடுத்துக்கொண்டார்.

ஆயுத பூசைக்கு எங்கள் ஆட்கள், வேலை செய்யும் எதையும் பொட்டில்லாமல் விடமாட்டார்கள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, பஸ், தொழிற்சாலை மெசின், ஹோட்டலில் துணி துவைக்கும் மெசின், அத்தனைக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அந்த ஹோட்டலில் அறை கூட்டும் புஷ்பா அக்கா எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, கோச்சியும் வேலை செய்கிற சாமான்தானே என்று, எஞ்ஜினைத் தண்டவாளத்திலிருந்து தூக்கி நெற்றியில் பொட்டு வைத்துத் திரும்ப வைத்திருக்கிறார். மறுநாள் சுவிட்சைப் போட்டதும் கர்ரென்று ஒரு சத்தம். அதோடு நின்றுவிட்டது.

நாங்கள் போனபோது எஞ்ஜின் மெனேஜரின் மேசையில் வெள்ளைத் துணியின் மேல் இருந்தது. சந்தனமும் குங்குமமும் காய்ந்த நெற்றியோடு, பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் உட்கார வைத்தது போல இருந்தது. கதவோரம் புஷ்பா அக்கா நின்றார். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். முழங்கால் வலியால் மலையை விட்டு இந்த வேலைக்கு வந்தவர் என்பது பிறகு தெரிந்தது.

"மிஸ், இது கொழும்பு மொதலாளியோட அப்பா காலத்துச் சாமான்," என்றார் மெனேஜர். "அவரு போன்ல ஒரே கேள்விதான் கேட்டாரு. யாரு கீழ போட்டு ஒடச்சதுன்னு."

"நான் போடலங்க சார்," என்றார் புஷ்பா அக்கா. "பொறந்த புள்ளைய தூக்குற மாதிரித்தான் தூக்குனேன். பொட்டு வச்சேன், திரும்ப எடுத்த எடத்துல வச்சிட்டேன்."

"விழாம எப்பிடிம்மா ஒடையும்? இரும்புதானே?"

நான் மேல்கூட்டைக் கழற்றினேன். மோட்டரைத் தாங்கும் பக்கச் சட்டம் துண்டு துண்டாக உடைந்திருந்தது. சுருள் சாய்ந்து பற்களில் மாட்டியிருந்தது. ஆனால் மேல்கூட்டில் ஒரு நெளிவு இல்லை. பச்சை வர்ணத்தில் ஒரு கீறல் இல்லை. உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் மணல் மணலாக இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சட்டம் இரும்பு அல்ல, துத்தநாகக் கலவையில் வார்த்தது. வார்க்கும்போது அதில் கொஞ்சம் ஈயம் சேர்ந்துவிட்டால், பல வருடம் கழித்து உலோகம் உள்ளுக்குள்ளேயே ஊதி வெடிக்கும். பழைய கோச்சி சேகரிக்கும் வெளிநாட்டுக்காரர்கள் இதைப் பற்றி இன்டர்நெட்டில் எழுதியிருந்ததைப் படித்திருக்கிறேன்.

"சார், இது விழுந்து ஒடஞ்சது இல்ல. இந்தக் கலவை தானாவே வெடிக்கும்," என்றேன்.

"இத்தன வருசமா வெடிக்காம, இவங்க தொட்ட மறுநாள்தானா வெடிக்கணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து அந்தக் கேள்வி வந்தது. சரோஜா மிஸ் எஞ்ஜினைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எப்பிடித் தெரியும்?"

வெளியார் முன்னால், அதுவும் புஷ்பா அக்கா முன்னால், என்னிடம் அதைக் கேட்டது எனக்குச் சுருக்கென்றது. படித்தேன் என்றேன். "இன்டர்நெட்ல என்னா வேணும்னாலும் போடுவாங்க மிஸ்," என்றார் மெனேஜர். அவர் கெட்டவர் அல்ல. மேலே ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

"நாங்க பார்ட் தேடுறோம் சார்," என்றார் மிஸ். "கெடைக்கிற வரைக்கும் இவங்கள ஒண்ணும் முடிவு பண்ணாதீங்க."

"வேலய நிப்பாட்டல. லீவுல இருக்கட்டும்."

அந்த லீவு என்ன என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். வாசல் வரைக்கும் எங்களோடு வந்த புஷ்பா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, என்னைய இங்கருந்து நிப்பாட்டிட்டா வேற எந்த ஹோட்டல்லயும் சேத்துக்க மாட்டாங்க. சாமான ஒடச்சவன்னு பேரு வந்துரும். திரும்ப மலைக்குத்தான் ஏறணும். இந்த முட்டிய வச்சிட்டு நான் எங்க ஏறுறது?"

திரும்பும் பஸ்ஸில் நான் வேண்டுமென்றே மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தேன். பஸ் நானுஓயாவைத் தாண்டியது. பிறகு மிஸ் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்:

"நீ சொன்னது சரியாத்தான் இருக்கும். ஆனா ஒரு மோட்டர வச்சிட்டு ஒண்ணும் சொல்ல முடியாது. அதே மாதிரி இன்னொண்ணு வேணும். யாரு கையும் படாதது."

ஆக, நான் தேட வேண்டியது வெறும் பார்ட் அல்ல, சாட்சி. புறக்கோட்டையில் அப்படி ஒன்றும் இல்லை. வெளிநாட்டுக்காரர்களின் இன்டர்நெட் பக்கங்களில் படம் இருந்தது, சாமான் இல்லை. பிறகு அப்புமாரை ஒவ்வொருவராக போனில் பிடித்தேன். பொகவந்தலாவைப் பக்கத்து பங்களா ஒன்றிலிருந்து ஞானம் அப்பு பேசினார்.

"பச்ச எஞ்ஜின் படம் போட்ட பெட்டியா? இருக்கு மகளே. அந்தக் காலத்துத் தொரையோட மகனுக்கு வந்துச்சாம். பெட்டி வந்து சேர்றதுக்கு முந்தி புள்ளைய சீமைக்குப் படிக்க அனுப்பிட்டாங்களாம். எனக்கு முந்தி இருந்த அப்பு சொன்னது. கட்டுன நூலு கட்டுனபடியே கெடக்கு. நானே அவுக்கல."

"ஏன் அப்பு அவுக்கல?"

"அவுத்தா யாரு திரும்பக் கட்டுறது?"

மறுநாள் போனேன். இப்போதைய தொரை இளம் ஆள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, தாராளமாகக் கொண்டுபோங்கள், ஆனால் அப்புவும் கூட வரவேண்டும், பெட்டி அவர் கையை விட்டுப் போகக்கூடாது என்றார். பெட்டி நிறம் மங்கி, மூலைகள் நசுங்கி இருந்தது. மூடியில் அதே எஞ்ஜின். குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய நூலின் முடிச்சில் தூசு கெட்டியாகப் படிந்திருந்தது.

ஹட்டனுக்கு வந்ததும் ஞானம் அப்புவைக் கடையில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தோம். பெட்டி அவர் மடியில் இருந்தது. எனக்குக் கை பரபரத்தது.

"மிஸ், மொதல்ல இங்க தெறந்து பாத்துருவோமே."

"பாத்து?"

"உள்ள நல்லா இருந்துச்சுன்னா..."

"நல்லா இருந்துச்சுன்னா என்னா செய்வ? திரும்பக் கட்டி அனுப்பிட்டு, கெடைக்கலன்னு சொல்லுவியா?"

 அப்படித்தான் சொல்லியிருப்பேன் என்பது அவருக்குத் தெரியும்.

"அந்தம்மா போடலன்னு நீ நம்புறியா?"

"நம்புறேன் மிஸ்."

"அப்ப அங்கயே போய்த் தெற. இங்க தெறந்தா, நாமதான் ஒடச்சுக் கொண்டாந்தோம்பாங்க."

அந்த இரண்டாவது காரணம் எனக்குத் தோன்றவே இல்லை.

நடக்கப் போவது இரண்டில் ஒன்று. பெட்டிக்குள் மோட்டர் நல்லபடி இருந்தால் ஹோட்டலுக்குப் பார்ட் கிடைத்துவிடும், கோச்சி ஓடும், எனக்கு நல்ல பேர். கீழே போடாத எஞ்ஜின் எவ்வளவு உறுதியாக இருக்கிறது பாருங்கள் என்று சொல்லி புஷ்பா அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உள்ளே நொறுங்கியிருந்தால் பார்ட் இல்லை. ஆனால் புஷ்பா அக்கா தப்பிப்பார். பார்ட் தேடிப் போகிறவள், கிடைத்த பார்ட் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போனது என் வேலைக் காலத்தில் அந்த ஒரு தடவைதான்.

நுவரெலியா பஸ்ஸில் எனக்கும் மிஸ்ஸுக்கும் முன்சீட்டில் ஞானம் அப்பு பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கொண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது கேட்டார்:

"என்னாங்க பெரியவரே, கேக்கா?"

"கோச்சி."

"கோச்சிய பஸ்ஸுல ஏத்துறீங்களா? அதுக்கு ஒரு டிக்கெட் போடவா?"

"போடு. ஆனா எறங்குற எடம் வரைக்கும் ஆட்டாம ஓட்டச் சொல்லு."

பின்சீட்டு வரை சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மண்டபத்தில் எல்லோரும் இருந்தார்கள். புஷ்பா அக்காவை வரச் சொல்லியிருந்தார்கள். கொழும்பு முதலாளி மெனேஜரின் கைபேசியில் முகம் காட்டினார். மெனேஜர் அதைப் பூச்சாடியில் சாய்த்து மேசையைப் பார்க்க வைத்தார். நான் கத்தரிக்கோலை எடுத்தேன். ஞானம் அப்பு என் கையைத் தட்டிவிட்டு, நகத்தால் முடிச்சைக் கிளறி, நூலை அறுக்காமலே அவிழ்த்தார்.

எஞ்ஜின் வெளியே வந்தது. நேற்றுத்தான் கடையில் வாங்கியது போல மின்னியது. சக்கரங்களில் தண்டவாளம் பட்ட தடமே இல்லை.

"பாருங்க மிஸ்," என்றார் மெனேஜர் மெதுவாக. "கைபடாதது எவ்வளவு உறுதியா இருக்கு."

 திருகாணிகளைக் கழற்றி மேல்கூட்டைத் தூக்கினேன். மோட்டர் முழுசாக இருந்தது. மேலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியவில்லை. புஷ்பா அக்கா மோட்டரைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன செய்வது என்று தெரியாதபோது வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். ஒரு விரலால் சக்கரத்தை உருட்டினேன். உருளவில்லை. புது எஞ்ஜின், ஒரு நாளும் ஓடாதது, உருளவில்லை. கவிழ்த்து வைத்து விளக்கடித்தேன். வெயிலில் காய்ந்த சேற்றைப் போல, சட்டத்தின் அடிப்பக்கம் முழுவதும் மெல்லிய கோடுகள். தூசு தட்டும் தூரிகையால் ஒரு தரம் தொட்டேன். மூலை ஒன்று கழன்று மேசையில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் விழுந்தது.

மெனேஜர் அதை எடுத்தார். இரண்டு விரலுக்கு நடுவில் அது பிஸ்கட் போலத் தூளானது. அவர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஹோட்டல் எஞ்ஜினின் உடைந்த துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டின் உட்புறத்திலும் ஒரே வார்ப்பு அடையாளம் இருந்தது.

"ஐயையோ!" என்று கத்தினார் ஞானம் அப்பு. "நான் தொடல! மடியிலயே வச்சிருந்தேன், எல்லாரும் பாத்தீங்கதானே! கொண்டக்டர்ட்ட வேணும்னா கேளுங்க! தொரைக்கு நான் என்னான்னு சொல்லுவேன்?"

புஷ்பா அக்கா சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"பயப்படாதீங்க அப்பு. நானும் இதேதான் சொன்னேன். அப்ப ஒருத்தரும் கேக்கல."

கைபேசியில் முதலாளியின் முகம் திரைக்குக் கிட்ட வந்தது. பிறகு, "கட்டின பெட்டியில இருந்தது கூடவா?" என்று கேட்டார்.

"ஆமா சார்," என்றார் மெனேஜர். "தூளாப் போகுது."

சரோஜா மிஸ் அங்கேயே நின்று ஞானம் அப்புவின் தொரைக்கு போன் போட்டு, நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னார். அந்த இளம் ஆள், அது அலுமாரியிலேயே நொறுங்கியிருக்கும், அப்புவைப் பத்திரமாக அனுப்புங்கள் போதும் என்றாராம். அப்புவுக்கு அப்போதுதான் உட்காரத் தோன்றியது. கோச்சிக்கு என்ன வழி என்று மெனேஜர் கேட்டபோது, "பித்தளையில செஞ்சு தருவோம்," என்றார் மிஸ், என்னைக் கேட்காமலே. செய்தேன். ஒரு சட்டத்தில் தூளாகிப்போன பகுதி மற்றதில் முழுசாக இருந்தது. இரண்டையும் சேர்த்து அளந்துதான் முழு வடிவம் கிடைத்தது. டிக்கோயாவில் ஒரு லேத் பட்டறையில் இரண்டு எஞ்ஜினுக்கும் பித்தளைச் சட்டம் கடைந்தோம். தங்கச்சிமாரே, உங்கள் பிரிண்டரில் போட்டிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். அதை நான் மறுக்கவில்லை. இரண்டும் இன்றைக்கும் ஓடுகின்றன.

ஆனால் அன்றைய மண்டபத்தை விட்டு நான் இன்னும் வெளியே வரவில்லை. போனை வைத்துவிட்டு மிஸ் என் பக்கம் திரும்பினார். மோட்டரை அல்ல, என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அது போதும்.

மெனேஜர் விரலில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டு, புஷ்பா அக்காவுக்கு முன்னால் போய் நின்றார்.

"புஷ்பாம்மா, நீங்க சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும். மனசுல வச்சுக்காதீங்க. நாளைலருந்து வாங்க."

"நாளைக்கு எதுக்குங்க சார்? வரும்போதே பாத்தேன், மேல ரூமெல்லாம் அப்பிடியே கெடக்கு."

விசாரணை என்று நினைத்து நல்ல சேலை உடுத்தி வந்திருந்தார். அதன் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, படிக்குக் கீழே இருந்த விளக்குமாற்றையும் வாளியையும் எடுத்துக்கொண்டு, முழங்காலுக்காகக் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறிப் போனார்.  கொஞ்ச நேரத்தில் மேலே கட்டிலை இழுக்கும் சத்தம் மண்டபம் அதிரக் கேட்டது.

கைபேசியில் இன்னும் இருந்த முதலாளி, "அது என்ன சத்தம்?" என்று கேட்டார்.

"வேல நடக்குது சார்," என்றார் மெனேஜர்.